பிரீமியமா, சொந்தப் புயல் நிதியா?

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் சொந்த வீடு. கடனில் பாதி இன்னும் பாக்கி. எட்டு ஆண்டுகளாக வீட்டுக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறோம். ஒரு முறைகூட க்ளெய்ம் செய்ததில்லை. இந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டு நாமே புயல் நிதி சேர்க்கலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: பாலிசியை நிறுத்தாதீர்கள். உங்கள் கணவர் சொல்லும் நிதியையும் சேருங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வேலை வேறு.

பிரீமியப் பணத்தை மட்டும் சேர்த்து ஒரு வீட்டைத் திரும்பக் கட்டும் அளவு வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். புயல் அடுத்த பருவத்திலேயே வரலாம். வந்தால் வீட்டோடு நிற்காது. வேலைக்குப் போக முடியாது, தொழில் முடங்கும், வருமானம் குறையும், கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கொத்தனாரைத் தேடுவதால் கூலியும் பொருள் விலையும் ஏறிவிடும். அந்த நாளில் சேமிப்பு மட்டும் தாங்காது.

சரி, பாலிசி இருப்பதால் நிம்மதியாக இருக்கலாமா? அதில் தண்ணீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும்வரை முடியாது. ஒரு புயலை மூன்றாம் வகை, நான்காம் வகை என்று சொல்லும் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. கடல் எவ்வளவு தூரம் உள்ளே ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பது அதில் கிடையாது. 2017-ல் ஹார்வி புயல் டெக்சாஸில் காற்று தணிந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. ஓரிடத்தில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுப் பாலிசியில் வெள்ளம் சேராது, தனிப் பாலிசி எடுக்க வேண்டும். மூழ்கிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தனிப் பாலிசி இல்லை. அதற்கு முன் 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது, வீட்டைச் சாய்த்தது காற்றா, கடல்நீரா என்பதே ஆண்டுக்கணக்கில் வழக்காக நடந்தது.

அதனால் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: புயலால் கடல் ஏறி வந்தால் பணம் உண்டா? ஆறோ குளமோ உடைந்து வந்தால்? கூரை பிய்ந்து, அதன் வழியே மழை இறங்கினால்? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்லும் ‘எல்லாம் கவர் ஆகும்’ என்பதை ஏற்காதீர்கள்.

அடுத்தது டிடக்டிபிள், அதாவது இழப்பில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு. சில நாடுகளில் புயலுக்கு மட்டும் இதைச் சதவீதமாக வைக்கிறார்கள். அந்தச் சதவீதம் பெரும்பாலும் சேதத்தின் மீது அல்ல, காப்பீட்டுத் தொகையின் மீது. தொகை 100 என்று வையுங்கள், டிடக்டிபிள் 5 சதவீதம், சேதம் 6. உங்கள் கைக்கு வருவது 1 மட்டுமே. எப்போது இது பொருந்தும் என்ற வரியும் முக்கியம். 2012-ல் அமெரிக்காவில் சாண்டி புயல் கரை ஏறும் முன் ‘ஹரிக்கேன்’ என்ற கடும்புயல் தகுதியை இழந்திருந்ததால், அங்கே ஹரிக்கேன் டிடக்டிபிளைப் பிடிக்கக் கூடாது என்று நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் அரசு சொன்னது. ஒரு வார்த்தையால் அத்தனை வீட்டுக்காரர்களின் கணக்கும் மாறியது.

உங்கள் கணவரின் நிதிக்கு இலக்கு இங்கேதான் கிடைக்கிறது. டிடக்டிபிள் தொகை, அதோடு தவணையும் சேர்த்து மூன்று மாத வீட்டுச் செலவு. க்ளெய்ம் பணம் வரத் தாமதமாகும், அந்த இடைவெளியை இது தாங்கும். இதைப் பங்குகளிலோ, உடைத்தால் அபராதம் விதிக்கும் நீண்ட கால டெபாசிட்டிலோ போடாதீர்கள். ஒரு வாரச் செலவுக்கான பணத்தைச் சில்லறை நோட்டுகளாக வீட்டில் வையுங்கள். 2017-ல் மரியா புயலுக்குப் பிறகு கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பல பகுதிகளுக்கு மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாத இடத்தில் ஏடிஎம்மும் இல்லை, கார்டும் இல்லை.

காப்பீட்டுத் தொகையையும் சரிபாருங்கள். எட்டு ஆண்டுக்கு முந்தைய தொகையே தொடர்கிறது என்றால் அது போதாது. வேண்டியது வீட்டை இன்றைக்குத் திரும்பக் கட்டும் செலவு. நிலத்தின் மதிப்பைச் சேர்க்க வேண்டாம். கட்ட 100 ஆகும் வீட்டை 60-க்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், பல பாலிசிகளில் இழப்பையும் அதே விகிதத்தில் குறைத்து, 40 இழப்புக்கு 24 தான் தருவார்கள். தேய்மானம் கழிப்பார்களா என்றும் கேளுங்கள். கடன் கொடுத்த வங்கி எடுத்துத் தந்த பாலிசி என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: அது கடன் பாக்கிக்கு மட்டுமானதாக இருக்கலாம்.

இதையெல்லாம் புயல் பருவம் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். புயல் நெருங்கும்போது புதுப் பாலிசி தருவதையும், தொகையை உயர்த்துவதையும் நிறுவனங்கள் நிறுத்திவிடுவது வழக்கம். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டில், எடுத்த பாலிசி நடைமுறைக்கு வரவே பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும்.

அப்புறம், இந்த வாரமே அலமாரிகளைத் திறந்து வைத்து வீடு முழுவதையும் வீடியோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சேதம் நேர்ந்தால் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள். அதற்காக, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வரும்வரை கூரையைத் திறந்தபடி விடவும் கூடாது. தார்பாய் போட்டு மூடி, அதற்கான ரசீதை வைத்திருங்கள். சேதம் மேலும் பரவாமல் தடுப்பது பாலிசிதாரரின் பொறுப்பு என்று பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். அந்தச் செலவையும் க்ளெய்மில் சேர்த்துக் கேட்கலாம்.