பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை நீண்ட காலம் வைத்திருந்தால் என்னென்ன பராமரிப்பு வரும்?

எஞ்சினைவிடத் துருவைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. திறந்த வகையான ரோட்ஸ்டரில் இரும்புக் கூரையும் இல்லாததால், சில் அரித்துப்போனால் பாடி நடுவில் தொய்யும். கதவின் மேல் இடைவெளி குறுகும். முன் மட்கார்டுக்குள் தேங்கும் சேறு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தை அடிக்கடி கழுவி, காய்ந்தபின் சில்லுக்குள் மெழுகுத் துருத்தடுப்பான் அடியுங்கள். மேலே மட்டும் தகடு ஒட்டி மறைத்த வண்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

1798 சிசி எஞ்சின் முரட்டு உழைப்பாளி. ஆனால் அதன் பழைய ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்தது. ஈயமில்லாத பெட்ரோலில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தான் மூடி உட்காரும் சீட்டுக்குள் மெல்ல இறங்கும், டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) குறையும். வழக்கமான அளவு 0.015 அங்குலம். சரிசெய்த பிறகும் அது குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களில் விரிசல் விழ வைக்கும். அவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள், தீ ஆபத்து.

பலரும் மறப்பது முன்சக்கரக் கிங்பின், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்ப உதவும் அச்சாணி. 3000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நிலையில் கிரீஸ் அடிக்க வேண்டும். அதன்மேல் பாரம் இல்லாதபோதுதான் கிரீஸ் எல்லாப் பக்கமும் போகும்.