பல மரம் கண்ட தச்சன்

அன்புள்ள ஐயா,

நான் ஒட்டன்சத்திரத்துக்காரன். வயது 41. இயற்பியலில் பட்டம் வாங்கினேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக அலைந்தேன். சீட்டு நிறுவனத்துக்கு வசூல் செய்தேன். கல்யாண மண்டபம் ஒன்றைக் கவனித்துக்கொண்டேன். ஆறு ஆண்டுகள் விதைக்கடையில் இருந்தேன். இப்போது ஒரு பள்ளியில் வேன்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எதையும் நான் திட்டமிடவில்லை, எதிலும் நான் நிலைக்கவில்லை. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று என் மாமனார் நாலு பேர் முன்னால் சொல்கிறார். பிடித்த வேலையைச் செய்தால் அது வேலையாகவே தெரியாது என்று ஒரு பேச்சாளர் சொல்லக் கேட்டேன். எனக்குப் பிடித்தது எது என்றே நான் அறியேன். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மறுபடியும் மாறலாமா? இப்படி வாழ்ந்தவனுக்கு நிறைவு என்று ஒன்று உண்டா?

ர.

அன்புள்ள ர.,

பேச்சாளரை முதலில் அனுப்பிவிடுவோம். எழுத்து எனக்குப் பிடித்த வேலை. அதைச் செய்யும்போது முதுகு வலிக்கிறது, பாதியில் அலுக்கிறது, கெடு நெருங்கினால் தூக்கம் கெடுகிறது. வேலை வேலையாகத்தான் தெரியும். மேடையில் பேசுவதற்குப் பணம் வாங்குகிறவருக்கு வேறு மாதிரித் தெரியலாம்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் மா. கிருஷ்ணனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். காட்டுயிர்களைப் பற்றி எழுதிய கிருஷ்ணன்தான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை, 1912இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். கல்லூரியில் தாவரவியல் படித்தார், பிறகு சட்டமும் படித்தார். வழக்கறிஞராக அமரவில்லை. சென்னையில் சில்லறை வேலைகள் பார்த்தார். 1942இல் பெல்லாரிப் பக்கத்துச் சண்டூர் சமஸ்தானத்துக்குப் போனார். அங்கே அவர் பார்த்த வேலைகளைக் கேளுங்கள்: ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலர். உங்கள் மாமனார் அவருக்கு மாமனாராக வாய்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இவற்றுக்கு நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார். 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலை போயிற்று. சென்னை திரும்பியவர் வேறு வேலை தேடவில்லை. எழுத்தும் படமும் போடும் சோற்றைச் சாப்பிடுவது என்று உட்கார்ந்துவிட்டார். 1950இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ஒரு பத்தி தொடங்கினார். 1996இல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் எழுதினார்.

சண்டூரில் எல்லாம் வீணாகப் போயிற்று, பத்தியில்தான் வாழ்க்கை தொடங்கிற்று என்று கதையை முடிப்பது சுலபம். எல்லா வேலையும் அந்தப் பத்திக்கான பயிற்சியே என்று முடிப்பது அதைவிடச் சுலபம். இரண்டும் பிற்பாடு ஒட்டவைப்பது. நீதிபதி வேலையால் ஒருவருக்குப் பறவை தெரியாது. போன இடத்தில் என்ன இருக்கிறதோ அதை அந்த மனிதர் பார்த்தார், அவ்வளவுதான். சண்டூரில் குன்றும் ஆடும் புறாவும் இருந்தன. மயிலாப்பூரில் காக்கையும் அணிலும் பல்லியும் இருந்தன. புலி கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

இனி உங்களைத் திட்ட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். கையால் அச்சுக் கோக்கும் இடம். கம்பாசிட்டரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அறை அறையாகப் பிரித்த மரக் கேஸிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கி, ஸ்டிக்கில் வரி வரியாக அடுக்குவார். எழுத்து கைவசம் உள்ள அளவுதான். ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடிக்கும் சில பக்கங்கள், அச்சாகி, பிரித்து, எழுத்துகள் அவற்றின் அறைகளுக்குத் திரும்பினால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். ஆகவே எந்த எழுத்தாளருக்கு எந்த அறை காலியாகும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். மேடைப் பேச்சைப் புத்தகமாக்க வருகிறவர்களிடம் ஆச்சரியக்குறி தீர்ந்துபோகும். புலவர் ஒருவர், 1978இல் அரசு மாற்றிய பதின்மூன்று எழுத்துகளுக்கும் பழைய வடிவமே வேண்டும் என்று அடம்பிடிப்பார். துதிக்கை வைத்த ணையும் லையும் அவருக்காகவே ஒரு மூலையில் காத்துக் கிடந்தன. பிரபலமான கதாசிரியர் ஒருவரின் கையெழுத்துப் பிரதி வந்தால் மட்டும் அண்ணாச்சி பெருமூச்சு விடுவார். "இவருக்கு 'ன்' பத்தாது." நான், என், எனக்குள், வந்தேன், நின்றேன், அழுதேன். இரண்டாம் பக்கத்திலேயே அந்த அறையின் அடி தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தை அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தால் முதல் பத்தியிலேயே எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்.

ஆறு ஆண்டுகள் விதைக்கடையில் இருந்திருக்கிறீர்கள். அதுவும் ஒட்டன்சத்திரத்தில், இவ்வளவு பெரிய காய்கறிச் சந்தை உள்ள ஊரில். அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்! ஆடிப்பட்டத்துக்கு முன்னால் கடை வாசல் எப்படி இருக்கும்? தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டிய மறு வாரம் தக்காளி விதை கேட்டு யார் வருவார்கள்? வருவார்களா, இல்லை எல்லோரும் கத்தரிக்குத் தாவிவிடுவார்களா? சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்று ஒட்டும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. வாங்குகிறவர் அட்டையைப் பார்த்து வாங்குகிறாரா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன பெயரைச் சொல்லி வாங்குகிறாரா? முளைக்கவில்லை என்று பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் நீங்கள் என்ன பேசினீர்கள்? கடன் நோட்டில் யார் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது? விதை எடுக்கப் பெண்கள் தனியாக வந்தார்களா? முருங்கைக்கு விதை கேட்டார்களா, குச்சி போதும் என்றார்களா?

இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்று "எனக்குப் பிடித்தது எது" என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் மாமனாரின் தச்சன் ஒரு மரத்தையும் வெட்டாமல் போயிருக்கலாம். ஆனால் பல மரத்தையும் கண்டான் என்று அந்தப் பழமொழியே ஒப்புக்கொள்கிறது. நீங்கள் எந்த மரத்தைக் கண்டீர்கள், தம்பி?

கடிந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டமிடவில்லை என்பதை நீங்கள் குற்றம்போல எழுதியிருப்பது எனக்கு வலித்தது. நம் ஊரில் யார் திட்டமிட்டு வேலை மாறினார்கள்? ஆலை மூடுகிறது, மழை பொய்க்கிறது, தகப்பன் படுத்துவிடுகிறார், போகிறோம். அண்ணாச்சி ஒரே தொழிலை நம்பியவர். கணினி வந்ததும் அந்த ஈயமெல்லாம் எடைக்குப் போயிற்று. ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நோட்டுக் கடை போட்டார். நான் பார்க்கப் போனபோது, நாலு கோடு நோட்டு எந்த வாரத்தில் தீரும், கட்டம் போட்ட நோட்டை எந்த வகுப்புப் பிள்ளைகள் கிழித்து ராக்கெட் விடுகிறார்கள் என்று விரல் விட்டுச் சொன்னார். அச்சகத்தைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். அவர் பாதி காது கொடுத்தபடி பென்சில் எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு நிறைவு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "சில்லறை இருக்கா?" என்று என்னிடமே கேட்டிருப்பார்.

நூற்பாலை வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சம்பளம் தேதி தவறாமல் வரும் என்றால் சேருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். நூல் நூற்கும் எந்திரமான ரிங் பிரேமில் டிராவலர் என்று நகத்தளவு கம்பி வளையம் ஒன்று ஓடும், தேயத் தேய மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஸ்டோர் கீப்பர்தான் அதை எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும். எத்தனை நாளுக்கு ஒரு முறை கேட்டு வருகிறார்கள், பழையதைத் திருப்பித் தருகிறார்களா என்று பார்த்து எழுதுங்கள். அதற்கு முன்னால் விதைக்கடையைப் பற்றி நாலு பக்கமாவது வர வேண்டும்.