ரேகை தேய்ந்தால் ஆதார் போய்விடுமா?

கேள்வி: என் அம்மா நாற்பது வருடமாகக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறார். ரேஷன் கடை மெஷினில் அவர் கைரேகை விழுவதில்லை. ஆதாரே ரத்தாகிவிடும் என்கிறார்கள். அப்படியானால் குடியுரிமைக்கு என்ன அத்தாட்சி?
– வாசகி, ஏற்காடு

பதில்: ரத்தாகாதும்மா. நான் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் மகன். பொடி வைத்து ஊதி, அமிலத்தில் கழுவிக் கழுவி அப்பாவின் விரலெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. கட்டைவிரலில் தேங்காயெண்ணெய் தடவி, வேட்டியில் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ம்ஹூம்! "ஊருக்கே என்னைத் தெரியுது, இந்தப் பொட்டிக்குத் தெரியலியே" என்றார்.

ஆதாரில் விரல்கள் மட்டுமல்ல, இரண்டு கருவிழிகளும் முகமும் பதிவாகியிருக்கும். ஆதார் மையத்தில் அவற்றைப் புதுப்பியுங்கள். எண் மாறாது. செல்போன் எண் பழையதா என்றும் பார்த்துவிடுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். அதுவரை ரேஷன் அட்டையில் பெயருள்ள நீங்களே ரேகை வைத்து அரிசி வாங்கலாம்.

அப்புறம், ஆதார் குடியுரிமைச் சான்றே அல்ல. 2016 ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. இங்கே 182 நாள் தங்கிய வெளிநாட்டவருக்கும் அந்த 12 இலக்க எண் கிடைக்கும். மையத்துக்குப் போகும் அன்று மட்டும் அம்மாவைப் பழம் பறிக்க விடாதீர்கள். கறை போகக் கழுவிய கை கொஞ்சம் நன்றாகவே பதியும்.