இசை கேள்வி–பதில்: பில்லி ஐலிஷ் குரலைத் திறந்தது எப்போது?

கே: அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' ஆல்பத்தைப் பெரிய வளர்ச்சி என்கிறார்களே! பாட்டு எழுதுவது அதே அண்ணன்–தங்கை, இசை அமைப்பது அதே அண்ணன் ஃபினியஸ். என்னதான் மாறிவிட்டது? (கோவை)

ப: ஆட்கள் மாறவில்லை, பாடும் விதம் மாறியிருக்கிறது. 2019-இல் வந்த முதல் ஆல்பம் பெரும்பாலும் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது. காதோரம் பேசுவது போன்ற குரல், அடியில் கனத்த பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி), மற்றபடி வெற்றிடம். பில்லிக்கு வேறு மாதிரி பாடத் தெரியாது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். சிறு வயதிலேயே லாஸ் ஏஞ்சலஸ் சிறுவர் பாடகர் குழுவில் பாடிய பெண் அவர்! 2021-இல் 'ஹாப்பியர் தேன் எவர்' தலைப்புப் பாட்டின் பிற்பாதியில் கத்திப் பாடினார். ஆனால் அந்தக் கத்தலைச் சுற்றி கிடார் இரைச்சல் சுவர் மாதிரி நின்றது. 2024 மே 17-இல் வந்த இந்த ஆல்பத்தில் அந்த மறைப்பு இல்லை. 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' கடைசிப் பகுதியைக் கேளுங்கள்: முழுக் குரலில் மேலே ஏறுகிறார்; பின்னணி அடங்கியே இருக்கிறது. 'தி கிரேட்டஸ்ட்' கிடாரோடு தணிந்து தொடங்கி, பிற்பாதியில் உரத்த குரலில் வெடிக்கிறது.

வரிகளிலும் மாற்றம் உண்டு. 2019-இல் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூதத்தின் வாயாகப் பாடியவர், இப்போது 'ஸ்கின்னி'யில் தன் உடம்பைப் பற்றி ஊரார் பேசுவதைத் தன் பெயரிலேயே பாடுகிறார்.

கே: எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? (மதுரை)

ப: முதல் பாட்டிலிருந்துதான். 10 பாட்டு, 44 நிமிடம். வெளியீட்டுக்கு முன் ஒரு சிங்கிள்கூட (தனியாக வெளியிடும் பாட்டு) விடவில்லை. மொத்தமாகக் கேட்கட்டும் என்றே அப்படிச் செய்தார்கள். செயலியில் ஷஃபிளையும் (வரிசை மாற்றி ஒலிப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) அணைத்துவிடுங்கள். 'ஸ்கின்னி' முடிவில் வரும் தந்தி வாத்தியங்கள் (அட்டாக்கா குவார்டெட் வாசித்தது) அடுத்த பாட்டுக்குக் கைகொடுக்கும். கிராஸ்ஃபேட் இருந்தால் அந்த இடம் குழம்பும். போன் ஸ்பீக்கர் வேண்டாம். 'சிஹிரோ'வைத் தூக்கி நிறுத்துவதே பேஸ்தான், சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போகும்.

கே: வீட்டில் அவர் பாணியில் மெதுவாகப் பாடிப் பதிவு செய்தேன். 'புஸ் புஸ்' என்று காற்றும், 'ஸ்' சத்தமும், ஃபேன் இரைச்சலும்தான் கேட்கின்றன. என்ன தவறு? (திருச்சி)

ப: முதலில் ஒன்று. நிஜமான கிசுகிசுப்பில் குரல் நாண்கள் அதிர்வதில்லை, அதனால் சுருதியே நிற்காது. அவர் செய்வது மெல்லிய குரலில் கொஞ்சம் காற்று கலப்பது. அப்படிப் பாடினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மைக்கை 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் வையுங்கள், நடுவில் பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலைத்திரை). மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருந்தால் 'ப', 'ப்ப' வரும்போது காற்று அறையாது. கார்டியாய்ட் மைக்கை (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் வகை) இவ்வளவு நெருங்கினால் கீழ் ஸ்தாயி தானாகவே தடிக்கும். அந்தக் கதகதப்பு வேண்டியதுதான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் வெட்டிவிடுங்கள். மெல்லிய குரலுக்காக கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) ஏற்றும்போது ஃபேனும் சேர்ந்து ஏறுகிறது. ஃபேன், ஏ.சி. இரண்டையும் அணைத்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடுங்கள். பதிவு மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.

'ஸ்' குத்துவது பெரும்பாலும் கம்ப்ரஸரின் (உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் சமன்செய்யும் கருவி) வேலை. மெல்லிய ஒலியை அது தூக்கும்போது 'ஸ்', 'ச' எல்லாம் முன்னால் வந்துவிடும். அதன் அமுக்கும் விகிதத்தை 3:1-இல் நிறுத்தி, 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் டி-எஸ்ஸர் ('ஸ்' ஒலியை மட்டும் தணிக்கும் கருவி) போடுங்கள்.

குரலை அகலமாக்க அதே வரியை இன்னும் இரண்டு முறை பாடி, ஒன்றை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே டேக்கை (ஒருமுறை பாடிய பதிவை) நகலெடுத்தால் சத்தம்தான் கூடும், அகலம் வராது. இந்த இரண்டிலும் சொல்லின் கடைசி 'ஸ்', 'ட்' ஆகியவற்றை விழுங்கிப் பாடுங்கள். இல்லாவிட்டால் மூன்றும் மூன்று நேரத்தில் விழுந்து சரசரக்கும்.

உரக்கப் பாடும் பகுதியைத் தனி டேக்காக எடுங்கள்: 25 செ.மீ. தள்ளி நின்று, கெயினைக் குறைத்து.

கே: ஆல்பத்தில் குறையே இல்லையா? (யாழ்ப்பாணம்)

ப: உண்டு. 'லாமூர் டி மா வீ' நிதானமாகப் போய், திடீரென்று சிந்தசைசர் நடனப் பாட்டாக மாறுகிறது. முதல்முறை கேட்கும்போது அருமை. 'பிட்டர்சூட்' வேகம் மாறுகிறது, பழைய இரண்டு பாட்டுகளை இணைத்த 'ப்ளூ'வும் நடுவில் திரும்புகிறது. 2021-லேயே கையாண்ட உத்தி இது. மூன்றாவது தடவை வரும்போது எந்த இடத்தில் உடையும் என்று நாமே சொல்லிவிடலாம்.