பணம் டெல்லியில் நிற்கிறதா, கோப்பு சேலத்தில் நிற்கிறதா?

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்து நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தினார்கள். பத்தாம் வகுப்பு இன்னும் பழைய ஓட்டுக் கட்டடத்து வராந்தாவில்தான் நடக்கிறது. கேட்டால், ‘மத்திய அரசு நிதி தரவில்லை, நாங்கள் என்ன செய்ய?’ என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஏற்காடு

பதில்: மத்திய அரசு நிதியை நிறுத்திவைத்தது உண்மை. உங்கள் கட்டடம் வராததற்கு அதுதான் காரணம் என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

பள்ளிக் கல்விக்காக மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பி.எம்.ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்திவைத்தது. பிள்ளைகள் படிப்புக்கான பணத்தைப் பிடித்துவைத்துப் பேரம் பேசியது அநியாயம். சரி, ஆனால் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் வகுப்பறைகளும் ஆய்வகங்களும் பல இடங்களில் நபார்டு என்ற வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியின் கடனில் எழுந்தவை. ஊரக உள்கட்டமைப்புக்கென 1995-96 முதல் இருக்கும் நிதி அது. கடன் வாங்குவது மாநில அரசு, ஏழாண்டுகளில் அடைப்பதும் மாநில அரசு, கட்டுவது பொதுப்பணித்துறை. இது போதாதென்று 2022-இல் மாநில அரசு அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வேறு. ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி என்றார்கள். இந்த இரண்டு வழியையும் டெல்லி அடைக்கவில்லையே!

உங்களைப் போன்ற ஊர்களில் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. தரம் உயர்த்தும் அரசாணையில் தலைமையாசிரியர், பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் வரும். கட்டடத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டும். அதற்கு இடம் வேண்டும். சேர்வராயன் மலையில் இடம் என்றால் ஒரு பக்கம் காப்புக்காடு, இன்னொரு பக்கம் காப்பித் தோட்டப் பட்டா; நடுவில் கிடைக்கும் புறம்போக்கு சரிவாக இருக்கும். காட்டு நிலம் என்றால் பொதுவாக 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். (டெல்லியைக் குறை சொல்ல இது பொருத்தமான இடம். ஆனால் விண்ணப்பமே போகாதபோது எப்படிச் சொல்வது?)

இடம் கிடைத்தாலும் மதிப்பீட்டில் இடறும். சமவெளிப் பள்ளிக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே மலைக்கு எடுத்துவந்தால், சரிவை வெட்டிச் சமப்படுத்தும் செலவு, தடுப்புச் சுவர், மழைநீர் வடிகால் எதுவும் அதில் இருக்காது. கம்பியும் சிமெண்டும் ஜல்லியும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பிரதான சாலையிலிருந்து உங்கள் ஊருக்குப் போக வண்டி மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் கூலி வேறு. இதையெல்லாம் விட்டுவிட்டு டெண்டர் விட்டால் எந்த ஒப்பந்ததாரர் வருவார்? மறு மதிப்பீடு என்று கோப்பு திரும்பும். அதற்குள் மதிப்பீட்டுக்கு அடிப்படையான அரசின் விலை விகிதப் பட்டியல் மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து. இது பணப் பஞ்சம் இல்லை ஐயா, வேலைத்திட்டப் பஞ்சம்.

இன்னொன்றும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கட்டாயம் முடிகிறது. ஒன்பது, பத்துக்கு நாம் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் உண்டு.

அதனால் ‘நிதி எங்கே’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். முதலில் உங்கள் பள்ளி பள்ளிக் கல்வித்துறையிடம் இருக்கிறதா, பழங்குடியினர் நலத்துறையிடமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மலையில் இரண்டு வகையும் உண்டு, தவறான துறைக்கு மனு போட்டால் ஆறு மாதம் வீண். அப்புறம் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இடம் துறையின் பெயருக்கு மாறிவிட்டதா? மதிப்பீடு எந்தத் தேதியில், எவ்வளவுக்குப் போனது? நிர்வாக ஒப்புதல் ஆணையின் எண் என்ன? டெண்டர் எத்தனை முறை விட்டார்கள்? 30 நாளில் பதில் தர வேண்டும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதே கேள்விகளைத் தீர்மானமாகப் போட்டு, நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வந்ததும் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கோப்பு எந்த மேசையில் நிற்கிறதோ, அந்த அலுவலகத்தின் பெயரைப் போட்டே அடுத்த இதழில் எழுதுகிறோம்.