ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஏன் இத்தனை மரங்கள்? மண் அரிப்புக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு?

மழைநீரோ காற்றோ மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போவதுதான் மண் அரிப்பு. பயிருக்கான சத்து பெரும்பாலும் அந்தச் சில அங்குலத்தில்தான் இருக்கிறது. ஓர் அங்குலம் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உலகத்தின் உணவில் சுமார் 95 சதவீதம் மண்ணை நம்பித்தான் என்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு.

ஓட்டு வீட்டில் மழை சொட்டும் இடத்தைப் பாருங்கள். மண்ணில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும். அங்கே கொஞ்சம் வைக்கோலைப் போட்டால் குழி விழாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில், காப்பிக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் சருகு செய்வதும் இதே வேலைதான். (உயரக் கிளையிலிருந்து விழும் துளிக்கும் வேகம் உண்டு. அதனால் நிழலைவிடச் சருகுக்குத்தான் நான் அதிக மார்க் கொடுப்பேன்.) சருகை விலக்கினால் கறுத்த, பொலபொலவென்ற மண், வெள்ளைப் பூஞ்சை நூல், மண்புழு. மண்புழு போட்ட துளைகள் வழியே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், சரிவில் ஓடாது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காப்பிக்கு நிழல், மிளகுக்கொடி ஏற ஒரு தண்டு எல்லாம் கூடுதல் லாபம்.

மண் அரிப்பு என்றதும் மலைப்பாதையை மறிக்கும் மண்சரிவைத்தான் பலர் நினைக்கிறார்கள். அது வேறு, சாதாரண மழைக்கே ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வருகிறதே, அதுதான் அரிப்பு.