எடிட்டிங் வேலை கேட்க மாதிரி இல்லை என்றால்

கட்டுரை எழுதும் வேலை வருகிறது, எடிட்டிங் வேலை மட்டும் வரவில்லை, காட்டுவதற்கு மாதிரியும் இல்லை என்கிறீர்கள். மாதிரிக்குப் பழைய வாடிக்கையாளரின் பிரதி தேவையில்லை. எடிட்டிங்குக்காக விசாரிப்பவருடைய பிரதியிலேயே இரண்டு பக்கத்தை வேர்டில் 'டிராக் சேஞ்சஸ்' (செய்த திருத்தங்களைத் தனியாகக் காட்டும் வசதி) போட்டுத் திருத்தி, ஏன் மாற்றினீர்கள் என்று ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்புங்கள். திருத்தத்தைவிட அந்தக் குறிப்புதான் உங்களைக் காட்டும்.

எடிட்டிங் மட்டும் ஏன் வரவில்லை என்பதற்கு வருவோம். உங்கள் அறிமுகத்தில் 'எழுத்து, எடிட்டிங் எல்லாம் செய்வேன்' என்று ஒரே வரியாக இருக்கிறதா, பாருங்கள். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். பிழைதிருத்தமா, நடையைச் செம்மையாக்குவதா, அமைப்பையே மாற்றுவதா என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றுக்கும் உழைப்பும் கட்டணமும் வேறு. அப்புறம், இப்போது கட்டுரை வாங்குபவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நீங்கள் எடிட்டிங் செய்வது அவர்களுக்கே தெரியாமலிருக்கலாம்.

ஒன்று: இலவச மாதிரி இரண்டு பக்கத்தோடு சரி. முழு அத்தியாயம் கேட்டால் கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள்.